சுரண்டாத துரு

இன்று காலை புக்கிட் பாருவிலிருந்து ஒரு பழைய கார் என் பட்டறைக்கு வந்தது. சுவிட்சைத் தட்டினேன். ஹீட்டர் காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வெந்த தூசியின் வாடை முகத்தில் அடித்தது. அதற்குமேல் வேலை ஓடவில்லை. மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

சுதந்திரம் வந்த வருஷம், ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் நாம் இருவரும் சேர்ந்து வாங்கி, காஜா பேராங்கில் டாக்சியாக ஓட்டிய வண்டி உனக்கு நினைவிருக்கும். இந்த வெயிலுக்கு ஹீட்டரா என்று எல்லோரும் சிரித்தார்கள். அடைமழையில் நனைந்த நாலு பேர் ஏறி முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியும்போது அந்தச் சூடான காற்றுதான் நமக்கு வழி காட்டியது.

அந்த ஹீட்டர் காற்றாடி நின்று நின்று ஓடத் தொடங்கியதும், மோட்டார் போய்விட்டது என்று நான் அடித்துச் சொன்னேன். நீ அவசரப்படவில்லை. மோட்டாருக்குப் போகும் வயரில் பல்பை வைத்துப் பார்த்தாய், பளிச்சென்று எரிந்தது. பிறகு மோட்டாரிலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்து, வண்டி உடம்பில் துருவில்லாத இரும்பில் வைத்தாய். காற்றாடி சீறிக்கொண்டு சுற்றியது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குலா. கரண்டு திரும்பிப் போக வழியில்ல. எர்த் ஸ்க்ரூவுல துரு. சுரண்டிட்டு முடுக்கு."

சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டாய். "சுரண்டினியா?"

"சுரண்டிட்டேன்."

சுரண்டவில்லை. என் பேச்சு பொய்த்த கடுப்பில் வெறுமனே முடுக்கிவிட்டேன். காற்றாடி ஓடியது, அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் புக்கிட் ரம்பாயில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றினோம். கூடவே அவள் புருஷன். கொட்டுகிற மழை. முதல் குழியில் இறங்கி ஏறியதும் காற்றாடி நின்றது. கண்ணாடி முழுக்க வெள்ளை. நான் துணியால் துடைக்கத் துடைக்க மூடிக்கொண்டது. பின்னால் அவள் கத்தினாள். நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மழை கண்ணில் அறைய அறைய, ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினாய்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதற்குப் பிறகுதான் அந்த மனிதருக்குக் கோபம் வந்தது. "இந்த வண்டியிலயா ஆள ஏத்துறீங்க? என் சம்சாரத்துக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"என் தப்புதாண்ணே. நான் சரியாப் பாக்கல," என்றாய், தலையில் நீர் சொட்டச் சொட்ட. பக்கத்தில் நின்ற நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

வீடு வந்ததும் நீ அந்த ஸ்க்ரூவைக் கழற்றினாய். துரு அப்படியே இருந்தது. ஒன்றும் கேட்காமல் உப்புத்தாளை என் கையில் கொடுத்தாய். இரும்பு மின்னும்வரை தேய்த்தேன். அதன்பின் நாம் எத்தனையோ பேசினோம், அதை மட்டும் பேசவில்லை.

உன் கருமாதி முடிந்த அன்று உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் பிரசவக்காரப் பொண்ண ஏத்துன அன்னைக்கு அவர் மேல தப்பில்ல. நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்ணே. அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னும் சொன்னாரு."

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இத்தனை வருஷமாக யார் வண்டியானாலும் எர்த்தைக் கழற்றி, தேய்த்து, பிறகுதான் முடுக்குகிறேன். முடுக்கிய பிறகும் ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன்.

நீ என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.