பதில் வராவிட்டால் தேர்ச்சி

மார்ச் 3
இன்றும் நானூற்றுப் பன்னிரண்டு பிழைகளை வேண்டுமென்றே நுழைத்தேன். நினைவகத்தில் ஓர் எண்ணை மாற்றிவிடுவது, கடிகாரத்தை நிறுத்துவது, சென்சாரைப் பொய் சொல்ல வைப்பது. நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்பு இது. உள்ளே மென்பொருள் எப்படிக் கெட்டாலும் அலாரம் அடித்தே ஆக வேண்டும். அத்தனையும் தேர்ச்சி. கெடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று மாமியார் என்னைக் கேலி செய்வார்.

மார்ச் 5
சோதனையை ஓடவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பம்பின் கேபிள் மேஜையில் கிடக்கிறது. துடைக்க வந்த அக்கா கழற்றியிருக்கிறார். திரையில் 412 தேர்ச்சி.

பம்பே இல்லாமல் எப்படி?

மார்ச் 6
கண்டுபிடித்தேன். இரண்டு வருடத்துக்கு முன், பம்பு கைக்கு வராதபோது, ஒத்திகைக்காக நானே எழுதிய வரி: பதில் வராவிட்டால் தேர்ச்சி என்று குறி. பம்பு வந்ததும் அழிக்க நினைத்து மறந்திருக்கிறேன். பம்பு பேச்சுமூச்சில்லாமல் நின்றபோதெல்லாம் பச்சைக் கட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். முப்பத்தொரு பிழைகளுக்கு அலாரம் இல்லை. மருந்தும் நின்றுவிடுகிறது.

என் கையெழுத்தை நம்பி ஒன்பது மருத்துவமனைகளுக்குப் பம்பு போயிருக்கிறது. ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன்?

மார்ச் 7
மேனேஜர் கதவைச் சாத்தினார். அடுத்த வெர்ஷனில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், இதெல்லாம் லட்சத்தில் ஒரு தடவைகூட நடக்காது என்றார். நடக்காததை நடத்திப் பார்க்கத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்? கேட்க வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மார்ச் 8
ஒன்பது மருத்துவமனைகளின் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதி, டிராயரில் போட்டு மூடினேன்.

மார்ச் 10
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீயா போய் ஏன் தலையைக் கொடுக்குற? இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார்.

ஆகலைன்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அதையே தேர்ச்சி என்கிறார் என் கணவர். நாலு நாளாக நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!

மார்ச் 11
ஒன்பது இடங்களுக்கும் என் பெயரிலேயே கடிதம் அனுப்பிவிட்டேன். பம்பை நிறுத்துங்கள், அலாரத்தை நம்பாதீர்கள்.

மதியம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 19
காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன். அந்த ஒன்பதில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஜனவரியில் பம்பு நின்றதைக் கவனிக்கவில்லை என்று இவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அலாரம் அடிக்கவே இல்லை என்று இவர் சொன்னதற்கு, என் சோதனை அறிக்கையைத்தான் எடுத்துக் காட்டினார்களாம்.

"நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன் மேடம். அடிச்சிருக்கும், என் காதுலதான் விழலைன்னு."

அந்த நோயாளி பிழைக்கவில்லை. நாற்பது வயது.

என் கடிதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி விசாரிக்கப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு. நானும் வந்து சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் அவர் அழுதார். பிறகு, இறந்தவரின் மனைவியும் வருவார் என்றார்.

வருகிறேன் என்று இன்னொரு முறை சொன்னேன்.