எறும்பு ஏறாத டப்பா

பாளையங்கோட்டை, 1911 ஜூலை 3, திங்கள்

மதராஸிலிருந்து திராவகப் போத்தல்கள் உடையாமல் வந்து சேர்ந்தன. பாஷாண விஷம் கலந்த நீரில் திராவகத்தை ஊற்றி, செம்புத் தகட்டைப் போட்டுக் காய்ச்சினால் தகடு கறுக்கும். பையன்களுக்குச் செய்து காட்டினேன். வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்குப் பரம திருப்தி.

ஜூலை 8

தச்சநல்லூர்த் தோல் வியாபாரி அசன் மைதீன் அண்ணாச்சி என் தகட்டுச் சோதனையைக் கேள்விப்பட்டு வந்தார். அவருடைய உம்மாவுக்கு இரண்டு மாதமாக வாந்தி. உள்ளங்கை தடித்துச் சொரசொரப்பு. பாஷாணமோ என்று டாக்டருக்குச் சந்தேகமாம். உம்மா குடித்து மீந்த சுக்குத்தண்ணீரைக் குப்பியில் கொண்டுவந்திருந்தார். காய்ச்சியது அவர் மனைவி மைதீன் பாத்திமா, காயல்பட்டினத்துக்காரி. அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பது. இவளோ வழக்கத்தை மீறி மாமியைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தவள்.

"மனசில்லாம வந்தவ, அதான் இப்படின்னு சனங்க பேசுதாக," என்றார்.

ஜூலை 10

தகடு மையாகக் கறுத்தது. அழகான கையெழுத்தில் முடிவை எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 11

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி பாத்திமாவைக் காயலில் தாய்வீட்டிலேயே கொண்டுவிடப் போகிறாராம். என் மனைவி பாக்கியவதியிடம் சொன்னேன். சோற்றுக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"சுக்குத்தண்ணியில தண்ணி, சுக்கு, மல்லி, கருப்பட்டி எல்லாந்தான கெடக்கு. ஒவ்வொண்ணாப் பாத்தியளா?"

பார்க்கவில்லை. கோபம் வந்தது, அவள் மேல். சாப்பிட்டு முடிப்பதற்குள் என் மேலேயே திரும்பிவிட்டது. என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்? ஒரு பொம்பளையோட வாழ்க்கையில்லா?

ஜூலை 12

இருவரும் தச்சநல்லூர் போனோம். கோஷா வீடு, அந்நிய ஆண்கள் உள்ளே போகக்கூடாது; அடுக்களைக்குப் பாக்கியவதிதான் போனாள். நான் முன்கட்டில் அண்ணாச்சியோடு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே உம்மாவின் குரல் கேட்டது.

"கருப்பட்டிய மட்டும் நானே போட்டுக்கிடுவேன். அந்த டப்பாவ ஒருத்தரையும் தொடவிட மாட்டேன். மத்ததுல எல்லாம் எறும்பு மொய்க்கி. இதுல ஒண்ணுகூட ஏறாது, கேட்டியளா. மவன் தோலு அடுக்கி வைக்கித கிட்டங்கியில சும்மா கெடந்தது. தொடச்சு எடுத்துக்கிட்டேன்."

பாக்கியவதி டப்பாவை வெளியே கொண்டுவந்தாள். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. தோலில் பூச்சி விழாமலிருக்கத் தடவும் வெள்ளைப் பாஷாணம் வந்த டப்பா அது.

ஜூலை 13

பாக்கியவதி அங்கிருந்து எடுத்துவந்த தண்ணீர், சுக்கு, மல்லி: தகடு பளிச்சென்று இருந்தது. கருப்பட்டி: கறுத்தது.

ஜட்கா பிடித்து ஓடினேன். கதவுக்கு அப்பால் நின்ற பாத்திமாவிடம், தப்பு என்னுடையது என்று சத்தமாகவே சொன்னேன். புருஷனிடம் மட்டும், "நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிவிடுங்க," என்றாள்.

ஜூலை 14

பாஷாணம் உண்டா என்றுதான் தகடு சொல்லும், யார் போட்டது என்று சொல்லாது. இதைப் பையன்களிடம் சொன்னேன், என் கதையையும் சேர்த்து.

அக்டோபர் 22, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து தச்சநல்லூர் போனோம். உம்மாவுக்கு வாந்தி நின்று மாதம் இரண்டாகிறது. கை இன்னும் கொஞ்சம் சொரசொரப்புதான். கருப்பட்டி இப்போது மண்பானையில், பாத்திமாவின் பொறுப்பில். கதவிடுக்கு வழியாக ஒரு டம்ளர் சுக்குத்தண்ணீர் நீண்டது.

"சோதிச்சுப் பாத்துட்டே குடிங்க, வாத்தியாரய்யா."

உள்ளே உம்மாவும் பாக்கியவதியும் சிரித்தார்கள். டம்ளரில் இரண்டு எறும்பு மிதந்தது. ஊதித் தள்ளிவிட்டு, அடிவரை குடித்தேன்.