டெக்லனுக்குப் பனியுடுப்பு மாட்டும் நேரம்

ஜனவரி 8, புதன்

இன்றும் கடித்துவிட்டான். சின்னப் பெண் ஐவியின் முன்கையில் எல்லாப் பல்லும் பதிந்திருக்கிறது. ஐஸ் வைத்தேன், அவள் அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கடித்தது நானா?

டெக்லனுக்கு மூன்றரை வயது. இலையுதிர் காலத்தில் குழந்தைகள் காப்பகத்தில் என் அறைக்கு வந்தபோது சாதுவாகத்தான் இருந்தான். பனி விழ ஆரம்பித்ததும் இந்தக் கடி பிடித்துக்கொண்டது. வெளியே விளையாடக் கிளம்பும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கூத்து.

காப்பகப் பொறுப்பாளர் ரோண்டா சாயங்காலம் அவன் அம்மா கிறிஸ்டாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். பிப்ரவரி முடிவதற்குள் அடங்காவிட்டால் அவனை நிறுத்திவிடுவார்கள். எங்கள் மிராமிஷி ஊரில் வேறு காப்பகத்தில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பேர் எழுதி வைத்திருக்க வேண்டும். கிறிஸ்டா முதியோர் இல்ல வேலையை விட வேண்டியதுதான். அவள் அழவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரி 11, சனி

ரோண்டா என்னைப் பயிற்சிக்கு அனுப்பினாள். சிறு பிள்ளைகளின் முரட்டுத்தனத்தைக் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சி, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், முழு நாளும். சனிக்கிழமை பார்த்தா! சனிக்கிழமை வழக்கமாக நாள் முழுக்க வேகும் பீன்ஸைச் சின்னத் தீயில் ஏற்றிவிட்டு ஓடினேன்.

சொல்லிக் கொடுப்பவள் ஜோசெட். கேரகெட் ஊர்ப் பக்கத்துப் பெண், என் மகளைவிடச் சின்னவள். முட்டி போட்டுப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு வர வேண்டுமாம். அதன் மனதில் இருப்பதை நாமே வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டுமாம். இத்தனை வருஷம் பிள்ளைகளோடு மாரடித்த என் முட்டியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 13, திங்கள்

முட்டி போட்டேன். "டெக்லன், உனக்குக் கோவமா இருக்கு, இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல. உன் வாயில காபி நாத்தம்."

எழுந்திருக்க அலமாரியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

ஜோசெட் எங்கள் அறைக்கே வந்தாள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். இதற்குச் சம்பளம் வேறு.

வெளியே கிளம்பும் நேரத்தில் டெக்லன் என் கையையே கடித்தான். பார்க்கட்டும் என்று அவளிடம் காட்டினேன்.

"கடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, மார்லா?"

"ஒண்ணும் நடக்கல."

"அதுக்கும் முன்னாடி?"

"அதான் சொல்றேனே, சும்மா பெஞ்சுல உட்கார்ந்திருந்தான்!"

"எவ்வளவு நேரமா?"

வக்கீலே தோற்றுப்போவான் இவளிடம். சும்மா உட்கார்ந்திருந்தவன் கடித்தால் அது கொழுப்பு இல்லாமல் என்ன? மேலே பேசப் பிடிக்காமல் டீ போடப் போய்விட்டேன்.

ஜனவரி 22, புதன்

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பார்ப்பதற்கு எனக்கு எத்தனை கண்?

ஜனவரி 28, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உதவிக்கு இருக்கும் பெண் காய்ச்சல் என்று வரவில்லை. அதனால் என் கோட்டையும் குல்லாவையும் முதலிலேயே மாட்டிக்கொண்டேன். பிறகு எப்போதும் போல டெக்லன். முரண்டு பிடிக்கிறவனை முதலில் முடித்துவிட்டால் மற்றவர்களை நிம்மதியாகக் கவனிக்கலாம் என்பது என் வழக்கம். பனிக்கால்சட்டை, பூட்ஸ், கோட்டு, கழுத்துத் துணி, குல்லா, கையுறை, எல்லாம் மாட்டிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அப்புறம் மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக. ஒருத்திக்கு ஜிப் சிக்கியது. ஒருவன் எல்லாம் மாட்டிய பிறகு மூத்திரம் என்றான். ஹீட்டர் அந்த மூலையில்தான் இருக்கிறது. எனக்கு முதுகெல்லாம் வியர்வை. முடியவில்லை, கோட்டைக் கழற்றித் தரையில் எறிந்தேன்.

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "நீ மட்டும் கழட்டுற."

திரும்பிப் பார்த்தேன். முகம் அவித்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. ஓடிப்போய் அவன் ஜிப்பை இறக்கினேன். உள்ளே சட்டை தொப்பல். குல்லாவை எடுத்தால் முடி மண்டையோடு ஒட்டியிருந்தது. அவன் என்னைக் கடிக்கவில்லை. நெற்றியை என் கழுத்தில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

ஐயோ என் செல்லமே! தினம் தினம் உன்னை வேக வெச்சிருக்கேனே! புழுங்குதுன்னு சொல்லத் தெரியாம பல்லால சொல்லியிருக்கு பிள்ளை. நான் கொழுப்புன்னு சொல்லிட்டேனே!

ஜோசெட்டுக்குப் போன் செய்தேன். நான் அப்போதே கேட்டேனே என்று குத்திக்காட்டவில்லை. "நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"அவனுக்குக் கடைசியா மாட்டுவேன்."

"அதுவரைக்கும் சும்மா இருப்பானா?"

சும்மா இருக்க மாட்டான்தான். இருவரும் யோசித்தோம். மற்றவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலை அவனுக்கு.

பிப்ரவரி 3, திங்கள்

கையுறைகளை ஜோடி மாற்றிக் கொடுக்கிறான். ஆனால் என்ன பெருமை அந்த முகத்தில்!

இதையெல்லாம் எழுதிவிட்டுக் கெட்ட செய்தியையும் எழுத வேண்டும். மத்தியானம் விளையாட்டு லாரிக்காக ஓவன் என்ற பையனைக் கடித்துவிட்டான். ரோண்டா வந்து நின்றாள். "மாசக் கடைசி ஞாபகம் இருக்கட்டும், மார்லா."

"உடுப்பு விஷயத்துல தப்பு என் மேல. லாரிக்கு வேற வழி கத்துக்கொடுக்கணும், கொடுக்கறேன். அவனை அனுப்பினா அடுத்த இடத்துல எவ கழுத்துல போய் சாய்வான்?" என்று கேட்டேன். ரோண்டாவை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கடிக்கணும்போல இருந்தா என்கிட்ட ஓடி வா. எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு உன்னைப் பார்ப்பேன்" என்றேன். அப்போதே ஒத்திகை பார்த்தோம். அறையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து வயிற்றில் முட்டினான். மறுபடி, மறுபடி. அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

இந்த வாரம் எந்த அம்மாவுக்கும் போன் செய்யவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஐவி அவனைக் கடித்துவிட்டாள்!

குழம்புப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். டெக்லன் கையை நீட்டிக்கொண்டு, அலறிக்கொண்டு, மேசையைச் சுற்றி ஓடி வந்தான். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மடியில் விழுந்தான். விக்கலுக்கு நடுவே, "நான் கடிக்கல... நான் ஓடி வந்தேன்" என்றான். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. வந்தால் என்ன?

ஐஸை வைத்துக்கொண்டே கிறிஸ்டாவுக்குப் போன் செய்தேன். எங்கள் எண்ணைப் பார்த்ததுமே, "என்ன பண்ணினான்?" என்றாள்.

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா. அவனைத்தான் கடிச்சுட்டாங்க." யார் என்று சொல்லக்கூடாது, அது விதி.

"திருப்பிக் கடிக்கலையா?"

"இல்ல. என்கிட்ட வந்தான். மடியிலதான் இருக்கான்."

வாசலில் ரோண்டா நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. "மார்ச்சுல பனி உருகிச் சேறு ஆரம்பிச்சுடும். அவனுக்கு ரப்பர் பூட்ஸ் கொண்டுவரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதை அப்படியே கிறிஸ்டாவிடம் சொன்னேன். ஜனவரியில் அழாதவள் இப்போது அழுதாள்.

"பச்சை பூட்ஸ்னு சொல்லு" என்றான் டெக்லன், மடியை விட்டு இறங்காமலே.