ஆறு பேருக்கு நாட்டுக்கோழி

ஜமுனாமரத்தூர் மலை,
வெள்ளிக்கிழமை.

அருணா அப்பாவுக்கு வடிவு எழுதுறது. இங்க நான், அருணா, உங்க தம்பி நவீன்குமார் மூணு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கோம். நீங்களும் அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு சாமிய வேண்டிக்கிட்டுத்தான் பேனாவ எடுத்தேன்.

போன வாரம் ஜெயில்ல இருந்து நீங்க போன் பண்ணப்போ நான் ஆமா, இல்லன்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிட்டேன். கோவப்பட்டிருப்பீங்க. கடையில ஒரு ஆள் உக்காந்திருந்தார், அவர் காதுல விழப் பேச முடியல. யாருன்னு கீழ எழுதுறேன், ஆனா பேர் எழுத மாட்டேன். ஆந்திரா ஜெயில்ல கடிதாசியப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாங்களாம், தமிழ் தெரிஞ்ச ஆளும் இருக்காங்களாம். படிக்கிற சாருக்கும் என் வணக்கம். இதுல தப்பா ஒண்ணும் இல்ல சார், படிச்சுட்டு அவர்கிட்ட குடுத்துருங்க.

முதல்ல கடை சமாச்சாரம். சனி ஞாயிறு வந்தா அருவி பாக்க வர்றவங்க கூட்டம் தாங்கல. நம்ம சாமைச்சோறும் கொள்ளுக் கடைசலும்தான் கேக்குறாங்க. கேட்டுட்டு, இலையில போட்டதும் போன்ல படம் எடுக்குறாங்க. சோறு ஆறிப்போவுது, அதுக்கப்புறம் சூடா இல்லையேன்னு என்னைக் கேக்குறாங்க. மெட்ராஸ்ல இருந்து வந்த ஒரு அம்மா, சாமைக்குப் பதிலா சப்பாத்தி கெடைக்குமான்னாங்க. அதுக்கு இவ்ளோ தூரம் மலை ஏறி வரணுமான்னு கேட்டுட்டேன். நல்லவேளை, அவங்க சிரிச்சுட்டாங்க. எனக்கு வாய் நீளம்னு நீங்க சொல்றது சரிதான். பெஞ்சு பத்தாம புளியமரத்தடியில தார்ப்பாய் விரிச்சு உக்கார வைக்கிறோம்.

உங்க தம்பிதான் பரிமாறுறது, இலை எடுக்குறது, எல்லாம். நல்லாத்தான் செய்யுறான். ஆனா அவனுக்கு அதுல மனசு இல்ல. அவன் கூடப் படிச்ச பசங்க கார்ல வந்து எறங்கி, விரல சொடுக்கி அவனக் கூப்புடுறாங்க. கொழம்பு கொண்டா, தண்ணி கொண்டான்னு அதட்டுறாங்க. அன்னிக்கு ஒருத்தன் எச்சில் இலைய அவன் கையிலேயே குடுத்துட்டுப் போனான். நவீனு கடைக்குப் பின்னால போய் ரொம்ப நேரம் கை கழுவிக்கிட்டே இருந்தான்.

அந்த நேரம் பாத்துத்தான் அந்த ஆள் வந்தார். நீங்க வூட்ட விட்டுப் போன அன்னிக்கு ஒடுகத்தூர்ல உங்களுக்குப் பிரியாணி வாங்கிக் குடுத்தாரே, காப்பித் தோட்டத்துல வேலைன்னு வேன் ஏத்தி அனுப்பினாரே, அவரேதான். அதே வெள்ளைச் சட்டை. கோழிக்கால் இருக்கான்னு கேட்டு, கை நக்கிச் சாப்பிட்டார். உங்கள செம்மரக் கேஸ்ல புடிச்சு உள்ள வச்ச நாள்ல இருந்து எட்டிப் பாக்காதவர், எதிர உக்காந்து கொழம்பு நல்லா இருக்குதுங்கன்னார். உங்களுக்கு வக்கீல் வச்சது தான்தான்னும், வர்ற வாய்தாவுல ஜாமீன் கண்டிப்பா கெடைச்சுடும்னும் சொன்னார். அப்பத்தான் உங்க போன் வந்தது. நான் இன்னா பேசுறது, சொல்லுங்க.

போகும்போது, வியாழக்கிழமை மதியம் ஆறு பேருக்கு நாட்டுக்கோழி ஆக்கி வைன்னு சொல்லிட்டுப் போனார். யாரு ஆறு பேருன்னு கேட்டேன். நம்ம மலைப் பசங்கதான், வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன், அதுக்கு முன்னால ஒருவேளை நல்லாச் சாப்பிடட்டும்னார்.

உங்கள ஏத்தி அனுப்பின அதே வேலைதான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஜெயில்ல உங்கள மொதமொதல்ல பாத்தப்போ நீங்க சொன்னது அப்படியே காதுல கேக்குது. பிரியாணி தின்னுட்டு வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது, கை நனைச்சுட்டேனே வடிவுன்னு சொன்னீங்க. அன்னிக்குக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு உங்கள அடிக்கணும் போல இருந்தது. ஆனா எனக்கும் தெரியும். பொண்ணு பாக்கப் போனாக்கூட, புடிக்கலன்னா தண்ணியோட எழுந்துருவோம். ஒரு வூட்ல கை நனைச்சா சரின்னு ஒத்துக்கிட்டதாத்தான் நம்ம ஜனங்களுக்கு அர்த்தம். அந்த ஆளுக்கும் அது நல்லாத் தெரியும். அதனாலதான் வாயால சத்தியம் கேக்காம சோத்தப் போட்டு வாங்குறார்.

நேத்து வியாழக்கிழமை கோழி அறுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், யார் வூட்டுப் பசங்களோ எங்கயோ போறாங்க, என் புருஷன் வெளிய வந்தாப் போதும்னு நெனச்சுக்கிட்டுத்தான் மசாலா அரைச்சேன். ஆக்கிப் போட்டா ஜாமீன், அவ்ளோதானேன்னு கல்லாட்டம் மனச வச்சுக்கிட்டேன்.

மதியம் வந்தார். கூட அஞ்சு பசங்க. கோபால்சாமி மவன் ஒருத்தன், மத்தவங்களும் நீங்க பாத்து வளந்தவங்கதான். அவரையும் சேத்து ஆறு பேருன்னு நான் ஆறு இலை போட்டேன். அவர் உக்காரல. பசங்க உக்காந்த வரிசையில ஒரு இலை காலியா இருந்தது. உங்க தம்பி தோள்ல இருந்த துண்ட எடுத்துக் கொடியில போட்டுட்டு, என் மூஞ்சியப் பாக்காம போய் அந்த இலைக்கு முன்னால உக்காந்தான். அந்த ஆளு என்னப் பாத்து, மொதல்ல பசங்களுக்குப் போடுங்க, நான் அப்புறம் சாப்பிடுறேன்னார்.

சோத்துக் குண்டானோட நின்னேன். போடலன்னா கீழ கூட்டிட்டுப் போய் வேற கடையில பிரியாணி வாங்கிக் குடுப்பார். போட்டா என் கையாலயே அனுப்புன மாதிரி. நவீனு இலையில தண்ணி தெளிச்சு ஒதறிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். அவன் கை அப்படியே உங்க கை மாதிரி இருக்குது, நான் அது வரைக்கும் கவனிச்சதே இல்ல.

வெலை எழுதிப் போடுற பலகைய வாசல்ல மாட்டியிருக்கோம் இல்ல, அதக் கழட்டிச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சேன். இன்னிக்குக் கடை இல்ல, இது வூடுன்னேன். என் வூட்டுக்காரர் ஜெயில்ல இருக்கார், அவர் பேர்ல நான் போடுற சோறு, யாருகிட்டயும் காசு வாங்கமாட்டேன்னு சொன்னேன். இதுல கை நனைக்கிறவன் எனக்கு வாக்குக் குடுத்தவன், இவர் பின்னால மலை எறங்கக் கூடாது, இஷ்டம் இல்லாதவன் இப்பவே எழுந்துருக்கலாம்னு சொன்னேன். சொல்லிட்டு ஆறு இலையிலயும் சோறு போட்டு, கொழம்ப ஊத்தினேன். நவீனு இலையில பாதி வெளிய சிந்திருச்சு.

அந்த ஆள் சிரிச்சார். பொம்பளைங்க பேச்ச விடுங்கடா, சாப்பாடு என் கணக்குன்னு சொல்லி நோட்ட எடுத்துத் தண்ணி ஜக்குக்கு அடியில வச்சார். நான் எடுத்து அவர் சட்டைப் பையிலேயே வச்சேன். ஒருத்தரும் கைய இலையில வைக்கல. சோத்துல இருந்து ஆவி போய்க்கிட்டே இருக்குது. கோபால்சாமி மவன் எழுந்து செருப்பப் போட்டுக்கிட்டு அவர் பக்கத்துல போய் நின்னான். போடான்னு விட்டுட்டேன். மிச்சப் பசங்க உங்க தம்பியப் பாத்தாங்க. அவன் தலை குனிஞ்சே இருந்தான். எனக்கு இன்னா நேரம் ஆச்சுன்னே தெரியல. ஒரு வருஷம் மாதிரி இருந்தது.

அப்புறம் அவன் சோத்தப் பெசைஞ்சான். வாயில வச்சான். அழுதுக்கிட்டே தின்னான். மத்தவங்களும் தின்னாங்க.

அந்த ஆள் போகும்போது, இனிமே உன் புருஷன் விஷயத்த நீயே பாத்துக்கோன்னு சொல்லிட்டு வேன்ல ஏறினார். கோபால்சாமி மவன் கூடவே போயிட்டான். சாயங்காலம் அவங்க வூட்டுக்கு ஓடிப் போய்ச் சொல்லிட்டேன், அவங்க அப்பா தேடிக்கிட்டு ஒடுகத்தூர் எறங்கியிருக்கார். இன்னும் தகவல் இல்ல.

இப்ப உங்ககிட்ட சொல்ல வேண்டியதுக்கு வர்றேன். இன்னிக்குக் காலையில வக்கீலுக்குப் போன் போட்டேன். அந்தக் கேஸ் இனிமே நான் பாக்கலம்மான்னு வச்சிட்டார். வர்ற வாய்தாவுல உங்களுக்காக நிக்க ஆள் இருக்குமோ இருக்காதோ தெரியல. நீங்க ஜாமீன்ல வந்துருவோம்னு நாள எண்ணிக்கிட்டு இருப்பீங்க. உங்க தம்பிய இருத்திக்கிட்டேன், உங்கள அங்கயே விட்டுட்டேன். என்னால ரெண்டும் முடியல. நம்ம கடையில மதியம் சாப்பிடுற ஷோபனா டீச்சர், இலவச சட்ட உதவி இருக்குது, ஜெயில்லயே எழுதிக் குடுத்தா வக்கீல் வைப்பாங்கன்னாங்க. நீங்களும் அங்க கேளுங்க, வெக்கப்படாதீங்க. திங்கக்கிழமை டீச்சர் லீவு போட்டுட்டு என் கூட ஆந்திராவுக்கு வர்றாங்க.

நவீனு நேத்துல இருந்து என்கிட்ட பேசுறது இல்ல. சோத்த வச்சு அண்ணி என்னக் கட்டிப்போட்டுட்டாங்கன்னு அருணாகிட்ட சொன்னானாம். இருக்கட்டும், பேசாம இங்கயே இருக்கட்டும். காலையில வெறகு மட்டும் பொளந்து போட்டிருந்தான்.

அங்க போடுற சோறு வாய்க்கு நல்லா இல்லன்னாலும் மிச்சம் வைக்காம சாப்பிடுங்க. அதுல கை நனைச்சதுக்கு நீங்க யாருக்கும் வாக்குக் குடுத்ததா ஆகாது. எப்ப வந்தாலும் சரி, எத்தனை நாள் ஆனாலும் சரி, வந்ததும் என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நான் இலை போட்டுச் சாமைச்சோறு வைப்பேன். என் மேல கோவம் தீரலன்னா தண்ணிய மட்டும் குடிச்சுட்டு எழுந்துருங்க, நான் புரிஞ்சுக்குவேன். கை நனைச்சுடுங்க மாமா.

இப்படிக்கு,
உங்க வரவுக்கு அடுப்ப அணைக்காம இருக்கிற
வடிவு.