புதன்கிழமைப் பட்டினி

செப்டம்பர் 24, செவ்வாய்

நாள் முழுக்க மழை. துறைமுகக் காற்றில் வகுப்பறை ஜன்னல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எங்கள் நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான ஒன்பதாம் வகுப்புக்கு 'உலகப் பசியும் உணவுப் பற்றாக்குறையும்' பாடத்தை ஆரம்பித்தேன். வருடா வருடம் நடத்துகிற பாடம்தான். வரைபடத்தில் சிவப்பு அடித்த நாடுகளைக் காட்டியதும் பிள்ளைகள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வார்கள். மணி அடித்ததும் சாப்பாட்டு வரிசைக்கு ஓடுவார்கள்.

இன்று ஒருவன் கேள்வி கேட்டான். பெயர் தேயூல், கடைசி வரிசை.

"டீச்சர், உலகத்துல எல்லாருக்கும் போதுமான அளவு விளையுதுன்னு இந்தப் பக்கத்துலயே போட்டிருக்கு. அப்புறம் எதுக்குப் 'பற்றாக்குறை'ன்னு பேரு?"

"நீ என்ன பேரு வைப்பே?"

யோசித்தான். "தர மாட்டாங்கன்னு வைப்பேன்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் யாரும் இந்தப் பாடத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

அக்டோபர் 2, புதன்

துணைத் தலைமையாசிரியர் குவாக் கூப்பிட்டு அனுப்பினார். பதினாறாம் தேதி உலக உணவு நாள். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டும், மிச்சமாகும் செலவை வெளிநாட்டுப் பட்டினிக் குழந்தைகளுக்கு அனுப்பலாம். இதைப் படம் பிடித்து அனுப்ப மாகாண அளவில் ஒரு போட்டியும் இருக்கிறதாம்.

"இஷ்டப்பட்டவங்க மட்டும்தான், ஓக் டீச்சர். கட்டாயமே கிடையாது. ஆனா வகுப்புல ஒருத்தர் விடாம கலந்துக்கிட்டாதான் நல்லா இருக்கும், பாருங்க."

'ஆனா' என்று சொன்ன இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

வகுப்புத் தலைவி யேவோன் கரும்பலகையில் எல்லோர் பெயரையும் எழுதி, சம்மதித்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சூரியகாந்தி ஸ்டிக்கர் ஒட்ட வைத்திருக்கிறாள். ஒரு பெயர் மட்டும் மொட்டையாக நின்றது.

"ஒரு வேளைதானேடா, செத்தா போயிடுவே?" என்றாள்.

"எனக்குப் பசிக்கும்," என்றான் தேயூல்.

"எங்களுக்கு மட்டும் பசிக்காதா? பசிக்கணும்கிறதுதானே இதுல விஷயமே!"

"அன்னிக்குப் பன்றிக்கறி கட்லெட். வாரத்துல புதன்கிழமைதான் நல்ல சாப்பாடு. பட்டினி கிடக்க உங்களுக்கு அந்த நாள்தானா கிடைச்சுது?"

பின்னாலிருந்து ஒருத்தன்: "கட்லெட்டுக்காக ஆப்பிரிக்காவையே வித்துட்டான்டா!"

ஒரே சிரிப்பு. கட்டாயமில்லை என்று சொன்னேன், பலகையை அழிக்கச் சொன்னேன். அழித்தார்கள். அதற்குள் அந்த ஒரு பெயர் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

அக்டோபர் 16, புதன்

தேயூல் மட்டும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனான். ஏழாம் வகுப்புப் பொடிசுகள் நடுவே தட்டோடு உட்கார்ந்திருந்தான். மெதுவாக, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான்.

மற்றவர்கள் வகுப்பில் பட்டினி கிடந்தார்கள். பள்ளி விட்டதும் வாசல் கடையில் காரச் சாற்றில் ஊறிய அரிசித் துண்டுக்கு, தொக்பொக்கிக்கு, ஒரே தள்ளுமுள்ளு. வாயெல்லாம் சிவப்புச் சாறு. யேவோன் மட்டும் வீட்டுக்குப் போயும் சாப்பிடவில்லையாம். அந்தப் பெண்ணைத் திட்டவும் மனம் வரவில்லை.

நான்? ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட் தின்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

யேவோன் அழுதுகொண்டு வந்தாள்.

"டீச்சர், நேத்து சாயங்காலம் கடையில தேயூலைப் பாத்தேன். ஒரு கார்டு நீட்டினான். கடை அக்கா, 'இந்தக் கார்டுக்கு அதெல்லாம் வராது, சோத்து உருண்டை எடுத்துக்கோ'ன்னு கத்தினாங்க. அம்மாகிட்ட கேட்டேன். வீட்டுல சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளைங்களுக்கு நகராட்சி குடுக்கிற கார்டாம். நாங்க அவனை என்னவெல்லாம் சொல்லிட்டோம்…"

அவனுக்கு அம்மா இல்லை என்பது தெரியும். அப்பா, கப்பல் பட்டறை மூடியதிலிருந்து வெளியூர்க் கட்டட வேலைக்குப் போகிறார் என்பதும் தெரியும். அப்படியென்றால் ராத்திரி சோறு யார் பொங்குகிறார்கள்? கேட்கத் தோன்றவில்லையே எனக்கு! வரைபடத்தில் இருக்கிற ஊர்களைப் பற்றியெல்லாம் கேட்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்றேன். "சரி டீச்சர்" என்றாள்.

அக்டோபர் 21, திங்கள்

சொல்லிவிட்டாள். எல்லோரிடமும். நல்லதை நினைத்துத்தான்.

அக்டோபர் 22, செவ்வாய்



காலையில் வகுப்புக்குள் நுழைந்தபோது தேயூல் மேசையில் பெரிய அட்டைப்பெட்டி. மஞ்சள் ரிப்பன். கப் நூடுல்ஸ், டப்பா மீன், உடனடிச் சோறு, பிஸ்கட். மேலே வண்ண எழுத்தில்: 'பசி தூரத்தில் இல்லை. நம் பக்கத்து இருக்கையில்.' என் வாக்கியம். போன வாரம் நான் வகுப்பில் சொன்ன வாக்கியம்!

தேயூல் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருத்தி போட்டிக்காகப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தேயூல் வாசலிலேயே நின்றான். காது மட்டும் சிவந்தது. பிறகு நேராக நடந்து வந்து பெட்டியைத் தூக்கினான். உலக வரைபடத்துக்குக் கீழே பட்டினி நிதி உண்டியல் இருக்கும் மேசையில் கொண்டுபோய் வைத்தான்.

"இதையும் சேர்த்து அனுப்பிடுங்க. அங்கதான் பசின்னு பாடத்துல இருக்கு."

வெளியே போய்விட்டான். யேவோன் என்னைப் பார்த்தாள். "நாங்க என்ன தப்பு பண்ணோம், டீச்சர்? நீங்க சொல்லிக்குடுத்ததைத்தானே…"

படம் பிடித்தவளின் போனைப் பிடுங்கி அதை அழித்தேன். மதியம் குவாக் வருத்தப்பட்டார். "அடடா, அந்தப் பெட்டி குடுக்கிற இடம் வரைக்குமாவது வச்சிருக்கலாமே."

அக்டோபர் 29, செவ்வாய்

ஒரு வாரமாக அவன் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமே வரவில்லை. மதிய வேளையில் மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

இந்தப் பள்ளியில் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே தட்டு, ஒரே சூப், ஒரே முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய். அவன் யாரென்று யாரும் பார்க்காத ஒரே இடம் அந்தக் கூடம்தான். அங்கே தலைநிமிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான் பையன். பசியைப் பற்றிப் பாடம் நடத்தி அவனைப் பட்டினி போட்டுவிட்டேன்.

இன்று ரொட்டி வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன். ரொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"படம் எடுக்க யாராவது வர்றாங்களா, டீச்சர்?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான்.

நவம்பர் 1, வெள்ளி

வகுப்பில் அரைமணி நேரம் பேசினேன். கேட்காமல் கொடுப்பதும் ஒருவகையில் அடிப்பதுதான் என்றேன். புரிந்தது போலத் தலையாட்டினார்கள். இடைவேளையில் வரிசையாக அவன் மேசைக்குப் போய் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார்கள்.

ஒவ்வொருத்தருக்கும் "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சொல்லி மாளவில்லை அவனுக்கு. அந்தப் பெட்டியே தேவலை.

நவம்பர் 5, செவ்வாய்

தேயூலின் அப்பா போன் செய்தார். பின்னணியில் இரும்பு அறுக்கும் சத்தம்.

"டீச்சர்ங்களா? நான் குடிகாரன் இல்லீங்க. ஓடிப்போனவனும் இல்ல. வேலை இருக்கிற ஊர்ல இருக்கேன், அவ்வளவுதான். என் பையனை ஊருக்கே பிச்சைக்காரனா காட்டிட்டீங்களே, நல்லா இருக்குதா?"

"மன்னிச்சுக்கோங்க."

"அவனும் அதைத்தான் சொல்றான், எல்லாரும் மன்னிப்புக் கேட்டாங்கப்பா, விடுங்கன்னு. ஆனா ராத்திரி போன் பண்ணா அதுக்கு மேல பேச மாட்டேங்கிறான். நான் இங்க இருந்து என்ன பண்ண?"

போனை வைத்த பிறகும் அந்த அறுக்கும் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 20, புதன்

தேயூல் தெற்கே ஒரு கடல்தொழில் பள்ளிக்கு விண்ணப்பித்திருக்கிறான். கப்பல் எஞ்சின் பிரிவு. ஊரிலேயே நல்ல மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, அவன் மதிப்பெண்ணுக்குக் கண்டிப்பாக இடம் கிடைக்கும். உட்கார வைத்துப் பேசினேன்.

"உனக்கு எஞ்சின் பிடிக்குமா?"

"தெரியல."

"அப்புறம் ஏன்டா?"

"விடுதி இருக்கு. மூணு வேளையும் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடணுமாம். வெளிய எங்கயும் கார்டு நீட்ட வேண்டாம்." எழுந்துகொண்டே: "அங்க யாருக்கும் என்னைத் தெரியாது, டீச்சர்."



டிசம்பர் 6, வெள்ளி

யேவோன் பேர்போன ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறாள். 'பசியோடிருந்த நண்பன் எனக்குக் கற்றுக்கொடுத்தது' என்று ஒரு பக்கம் எழுதி, பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தாள். நன்றாக எழுதியிருக்கிறாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

"அவனைக் கேட்டியா?"

"பேரு போடலையே, டீச்சர்."

"எடுத்துடு."

"அது எனக்கும் நடந்ததுதானே?" தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் அதுக்கப்புறம் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

அழுதாள்தான். பொய்யில்லை. எடுக்காவிட்டால் பரிந்துரை எழுத மாட்டேன் என்றேன். சாயங்காலம் அவள் அம்மா வந்து போனார். பிறகு குவாக். பரிந்துரையைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அடுத்த வருடம் உங்களுக்கு வகுப்புப் பொறுப்பு வேண்டாம், கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

டிசம்பர் 20, வெள்ளி

மாகாணப் போட்டியில் எங்கள் வகுப்புக்கு இரண்டாம் பரிசு.

ஜனவரி 8, புதன்

பட்டமளிப்பு. யேவோனுக்கு இடம் கிடைத்ததைச் சொல்லி வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். பூங்கொத்து, கூட்டம், குளிர். விழா முடிந்ததும் பரிசுக் கேடயத்தோடு படம் எடுக்க மேடைக்கு வரச் சொல்லி குவாக் ஆள் அனுப்பினார்.

அப்போதுதான் தேயூலின் அப்பா எதிரே வந்தார். புதுச் சட்டை, நகக்கண்ணில் கரி. போனில் கத்தியவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"அன்னிக்குக் கோபத்துல பேசிட்டேன், டீச்சர். பட்டமளிப்பு நாள்ல எல்லாரும் சாப்பிடற கருப்பு நூடுல்ஸ் இல்லாம எப்படி? வாங்க, நான் வாங்கித் தர்றேன்."

"அவங்களுக்கு வேலை இருக்கும்ப்பா," என்றான் தேயூல்.

போனேன். கடையில் மூன்று தட்டு சொன்னார், நான் தடுத்தும் பன்றிக்கறி வறுவல் ஒன்று கூடுதலாகச் சொன்னார். "இந்த வகுப்புலயே நல்லா யோசிக்கிறவன் உங்க பையன்" என்றேன். "எல்லா டீச்சரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சிரித்தார். தேயூல் தட்டை விட்டு நிமிரவே இல்லை. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, மேடைக்குக் கூப்பிடும் குவாக். எடுக்கவில்லை. ஒரு இழை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

வெளியே வந்ததும் தேயூல் குனிந்து வணங்கினான். எல்லா ஆசிரியர்களுக்கும் எவ்வளவு குனிவானோ அவ்வளவுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்பாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தான்.