பீரங்கிக்குப் பழக்குதல்

13 செப்டம்பர் 1952, சனிக்கிழமை.

தசரா ஊர்வலத்துக்காக யானைகளைப் பீரங்கிச் சத்தத்துக்குப் பழக்குகிறார்கள். காலையில் இவர் எங்கள் மகள் ஸ்டெல்லாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறு வயதாகிறது, இன்னும் நாலு வார்த்தைதான் பேசுவாள். தீக்குச்சி உரசினாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சர்ச் மணி அடித்தால் தன் கையையே கடித்துக்கொள்வாள். "யானையே பழகிக்குது, இவ பழக மாட்டாளா?" என்றார் இவர்.

முதல் வெடிக்கு யானைகள் பிளிறின. ஸ்டெல்லா அலறிக் காதைப் பொத்தினாள். அவள் ஒரு கையை இவர் விலக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையைப் பிடித்தது நான். மூன்றாவது வெடிக்கு அவள் அசையவே இல்லை.

"பாத்தியா, பழகிட்டா!" இவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்தில் ஒரு யானையும் அப்படித்தான் நின்றது. கொள்ளேகாலத்துப் பாகன் அதற்கு மட்டும் இன்னொரு சங்கிலி மாட்டினான். ஏன் என்று கேட்டேன்.

"கத்தறதுக்குப் பயமில்லீங்கம்மா. சத்தமில்லாம நிக்கறதுதான் எப்ப என்ன பண்ணும்னே தெரியாது."

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஸ்டெல்லா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவள் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளத்தை வேண்டுமென்றே கீழே போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். ஸ்டெல்லா திரும்பவில்லை.

திங்கட்கிழமையும் வெடி உண்டாம். அவள் போட்டுக்கொள்ள நல்ல கவுனாக ஒன்றை இவர் இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.