இருநூறு மீட்டர் ஆழத்தில் இடது கை

பதிவு 61. 14 மார்ச் 2071, காலை 8:10
ஆழி-3 கடலடி ஆய்வு நிலையம், மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே. ஆழம் 210 மீட்டர். காற்றழுத்தம் சீர். வெளிநீர் 13 டிகிரி. இருப்பது நான் ஒருத்தி: ஜெனோவா பர்னாந்து, கடல் உயிரியல். கூட இருந்தவர் போன வாரம் மேலே போய்விட்டார். இன்று பொறியில் ஏழு மீன்கள். ஒன்றைப் பிரித்து எடுக்கும்போது முள் கையுறையைத் துளைத்து இடது சுட்டுவிரலின் அடியில் ஏறியது. கழுவி மருந்து போட்டாயிற்று.

பதிவு 62. மாலை 4:30
விரல் வீங்கி, பாதி மடங்கி நிற்கிறது. நிமிர்த்தினால் உயிர் போகிறது. வெளியே பார்த்தால் லேசான சிவப்புதான். கரையில் இருக்கும் டாக்டர் இத்ரீஸைக் கூப்பிட்டேன்.
"பார்வைக்கு ஒண்ணுமில்லாம வலி மட்டும் தாங்க முடியலைன்னா, அதுக்குத்தான் நான் பயப்படுவேன். சிவப்போட ஓரத்துல பேனாவால கோடு போட்டு நேரம் எழுதுங்க. ஆன்டிபயாடிக் ஊசி ரெண்டையும் இப்பவே ஏத்துங்க."
மேலே ஓடிவிட முடியாது. இந்த அழுத்தத்திலிருந்து உடம்பைப் படிப்படியாக விடுவிக்க எட்டு நாள் ஆகும். அவசரப்பட்டால் ரத்தத்தில் குமிழி கட்டிச் சாவேன். இதே அழுத்தம் ஏற்றிய மீட்புக் கலத்தில் அவரே இறங்கி வருகிறார். பதினெட்டு மணி நேரம்.

பதிவு 63. 15 மார்ச், காலை 6:05
சிவப்பு, கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை ஏறிவிட்டது. காய்ச்சல் 103. புறங்கை கருநீலம், ரத்தக் கொப்புளங்கள். அழுத்தினால் தோலுக்கடியில் நொறநொறவென்கிறது. ஆனால் வலி குறைந்திருக்கிறது. அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னேன். வந்துகொண்டிருக்கும் கலத்திலிருந்து டாக்டர் பதில் சொன்னார்.
"அது நல்லதுக்கு இல்லம்மா. நரம்பு செத்துக்கிட்டிருக்கு. நான் வர்ற வரைக்கும் தாங்காது. நீங்களே கையைத் திறக்கணும். நான் சொல்லச் சொல்ல வெட்டுங்க."

பதிவு 64. காலை 7:20
எழுத முடியவில்லை. பேசிப் பதிகிறேன். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு புறங்கையைக் கீறினேன். சீழ் வரும் என்று நினைத்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பலாக ஏதோ வந்தது. நாற்றம்.
"கீறலுக்குள்ள விரலை விடுங்க. தோல் சதையோட ஒட்டியிருக்கா?"
ஒட்டவில்லை. விரல் தடையே இல்லாமல் மணிக்கட்டு வரை போனது. என் கைக்குள் என் விரல். வாந்தி எடுத்தேன்.
"செத்த சதை ரத்தம் விடாது. ரத்தம் கசியற இடம் வரைக்கும் போய்க்கிட்டே இருங்க. பயந்து பாதியில நிறுத்தினா..."
இணைப்பு அறுந்துவிட்டது.

பதிவு 65. காலை 8:50
தனியாகவே வெட்டினேன். முன்கையின் பாதியில்தான் ரத்தம் வந்தது. நல்ல சிவப்பு. பார்த்ததும் அழுதுவிட்டேன். உப்புநீர் விட்டுக் கழுவி, துணி சுற்றியிருக்கிறேன். நாடி 138. இரண்டு முறை மயக்கம். என் தங்கையின் பெயர் நினைவுக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை.

பதிவு 66. காலை 10:40
கலம் வந்து பொருந்திவிட்டது. கதவு ஒலிபெருக்கியில் அவர் குரல்.
"ஜெனோவாம்மா, வந்துட்டேன்! கதவைத் திறங்க!"
இது உள்ளேயிருந்து மட்டும் திறக்கும் கதவு. இரண்டு பிடிகள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இடது விரல்கள் அசையவில்லை. பெல்ட்டைக் கழற்றி இடது பிடியில் கட்டித் தோளில் மாட்டியிருக்கிறேன். உடம்போடு சாய்கிறேன். வழுக்குகிறது. மறுபடி.
"விட்டுறாதீங்க! இந்தப் பக்கம் நான் இருக்கேன்!"
கண் இருட்டுகிறது. டாக்டர், பேசிக்கொண்டே இருங்கள். இடது பிடி கொஞ்சம் அசைகி... [பதிவு 66 இத்துடன் நிற்கிறது.]